கரப்பான்: ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துப் பாலை நிறுத்தலாமா?

வணக்கம். பையனுக்கு நாலு வயசு. கைக்குழந்தையில இருந்தே கரப்பான். ராத்திரி முழங்கை மடிப்பைச் சொறிஞ்சு சொறிஞ்சு, காலையில தலையணை உறையில ரத்தப் பொட்டு இருக்கும்.

போன வாரம் மாமியார் பேச்சைக் கேட்டு, டாக்டர் எழுதித் தராமலே ஒரு லேப்ல அலர்ஜி டெஸ்ட் எடுத்துட்டோம் (திட்டாதீங்க). மொத்த ஐஜிஇ (அலர்ஜியோட சம்பந்தப்பட்ட, ரத்தத்துல இருக்கிற எதிர்ப்புப் பொருள்) 1,140. கூடவே பால் 0.6, முட்டை 0.9, கோதுமை, நிலக்கடலை, தூசிப்பூச்சின்னு வரிசையா பாசிட்டிவ். 0.35 தாண்டினாலே அப்படித்தான் போடுவாங்களாம். ஆனா அவன் தினமும் பால் குடிக்கிறான், வாரம் மூணு முட்டை சாப்பிடுறான். ஒரு நாளும் உதடு வீங்கினதில்ல, தடிச்சதில்ல, வாந்தி எடுத்ததில்ல.

தோல் டாக்டர் பார்த்துட்டு, "கரப்பான் பிள்ளைங்களுக்கு ஐஜிஇ கூடுதலா இருக்கிறது சகஜம். ரத்தத்துல பாசிட்டிவ்னா சாப்பிட்டா ஒத்துக்காதுன்னு அர்த்தமில்ல. எதையும் நிறுத்தாதீங்க, க்ரீமை ஒழுங்கா தடவுங்க"ன்னார். அதே லேப்ல விக்கிற, ஒவ்வொரு உணவுக்கும் ஐஜிஜின்னு இன்னொரு வகை எதிர்ப்புப் பொருளை அளக்கிற பேக்கேஜ் பத்திக் கேட்டதுக்கு, "அந்த உணவைச் சாப்பிட்டிருக்கான்னுதான் அது காட்டும், காசு தண்டம்"னுட்டார்.

எனக்குப் புரியுது. வீட்டுலதான் பால் பாக்கெட்டையே ஒளிச்சு வைக்கிறாங்க!

சின்னப் பிள்ளைக்குக் கையில குத்திப் பார்க்கிற ப்ரிக் டெஸ்ட் எடுத்தவங்க இருக்கீங்களா? அதுக்கு அரிப்பு மருந்தை முன்கூட்டியே நிறுத்தணுமாமே, எத்தனை நாள் நிறுத்தச் சொன்னாங்க? அந்த ராத்திரிகளை எப்படி ஓட்டினீங்க? மதுரைப் பக்கம் குழந்தைகளுக்கு அலர்ஜி பார்க்கிற நல்ல டாக்டர் தெரிஞ்சாலும் சொல்லுங்க. மாமியாருக்குப் பக்குவமா எடுத்துச் சொல்ல வழி தெரிஞ்சா அதையும்.