பல்கலைக்கழக முஸ்லிம் சாப்ளின்: முதல் செமஸ்டருக்கு முன் என்ன முடிக்கணும்?

மஹ்ளரா: அஸ்ஸலாமு அலைக்கும். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பகுதிநேர சாப்ளின் (மாணவர்களுக்கான மார்க்க வழிகாட்டி) வேலை, ஆகஸ்டில் சேரணும். ஆலிம் (மார்க்கக் கல்வி) பட்டம் இருக்கு, நிர்வாகப் பக்கம் புதுசு. ஜும்ஆவுக்கு (வெள்ளிக்கிழமைத் தொழுகை) 1 முதல் 1.30 வரை ஹால் தர்றாங்களாம். ஒத்துக்கலாமா?

நிழல்கோல்: வஅலைக்குமுஸ்ஸலாம் ஹஸ்ரத். ஒத்துக்காதீங்க. ஜும்ஆ லுஹர் வக்தில் (நண்பகல் தொழுகை நேரம்) தான், அதனால் முதலில் அந்த ஊரில் அது எப்போ வருதுன்னு வருஷம் முழுக்கப் பாருங்க. ஆகஸ்டில் பாஸ்டனில் ஒரு மணிக்குள் வந்துடும். டெட்ராய்ட் பக்கம் ஒன்றரையைத் தாண்டிடும். வக்துக்கு முன் ஓதின குத்பா (ஜும்ஆ பிரசங்கம்) ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவு) கூடாது. நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரம் ஒரு மணி பின்னே போனால் கணக்கு மொத்தமும் மாறும்: டிசம்பரில் பாஸ்டனில் இரண்டு மணி வாக்கிலேயே ஷாஃபி அஸர் (பிற்பகல் தொழுகை) நேரம் வந்து, ஜும்ஆ நேரம் முடிஞ்சுடும். கூட்டம் அதிகம்னு இரண்டாவது ஜமாஅத்தைத் தள்ளிப் போட முடியாது.

அரை மணியும் பத்தாது. குத்பா 15 நிமிஷம், தொழுகை 10, விரிப்பு போட்டு எடுக்க இன்னொரு 15. ஒரு மணி நேரம் கேளுங்க. இடம் ஆளுக்கு 60 செ.மீ. அகலம், 120 செ.மீ. நீளம், 100 பேருக்கு 72 சதுர மீட்டர், செருப்பும் வழியும் தனி. ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுறது) செய்ய வாஷ்பேசின் மட்டும்தான்னா தரையெல்லாம் தண்ணி, வழுக்கும், துப்புரவுப் பணியாளர் புகார் வரும். தரைமட்டத்தில் கால் கழுவும் தொட்டியை இப்பவே எழுதிக் கேளுங்க.

அமானத்: ஜும்ஆ வாரத்தில் ஒரு மணி நேரம். மீதி வேலை கதவைச் சாத்திக்கிட்டு மாணவர் பேசுறதைக் கேட்கிறது. பாலியல் வன்முறை பற்றிச் சொன்னால் நீங்க நிர்வாகத்துக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவரா, ரகசியம் காக்கும் பொறுப்பிலா? சாப்ளினுக்குப் பொதுவாக விலக்கு உண்டு. ஆனா பல இடங்களில் அதே ஆளுக்கு மாணவர் நலத்துறைப் பதவியும் சேர்த்துக் கொடுப்பாங்க, அங்கேதான் சிக்கல். எந்தப் பொறுப்பில் இருந்து கேட்டீங்கன்னு பிறகு யாரும் பிரிச்சுப் பார்க்க மாட்டாங்க. எழுத்தில் வாங்குங்க. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீங்க, உயிருக்கு ஆபத்துன்னா உதவி கூப்பிட்டே ஆகணும். அதை உட்கார்ந்த உடனே சொல்லிடுங்க.

மஹ்ளரா: ஜஸாக்கல்லாஹ். ஜும்ஆவுக்கு 40 பேர் வேணும்ங்கிற ஷாஃபி கணக்கு என்ன ஆகும்? ஹாஸ்டல் பிள்ளைகள் முஸ்தவ்தின் (ஊரிலேயே நிரந்தரமாகக் குடியிருப்பவர்) இல்லையே.

நிழல்கோல்: ஷாஃபியில் அது நிஜமான கேள்விதான். ஹனஃபி மத்ஹபில் இமாம் தவிர மூவர் போதும். அங்கே எல்லா மத்ஹபும் கலந்து நிற்கும், லீவில் ஆளும் குறையும். எந்த மத்ஹப்படி நடக்குதுன்னு முதல் வாரமே அறிவிச்சுடுங்க.

அமானத்: ரமலான் செமஸ்டருக்குள் வந்தால் ஆசிரியர்களுக்கு முதல் வாரமே கடிதம் போகட்டும். மாலைத் தேர்வின் நடுவில் மஃரிப் (சூரியன் மறையும் நேரம்) வந்தால் நோன்பு திறக்க 10 நிமிஷம். பெருநாளுக்கு இரண்டு தேதியும் எழுதுங்க. ஒன்றை மட்டும் எழுதி, பிறை மாறிப்போனால் மறுநாள் லீவு கிடைக்காது.