பழைய பிளாஸ்டிக் பாம்புக் கூண்டுகள் இரண்டு: போகாத வெள்ளைக் கறை, வளைந்த கூரை, ஒட்டாத விரிசல். உதவி வேண்டும்

ஸ்காபரோ மலர்

எல்லோருக்கும் வணக்கம். மகளின் பால் பைத்தான் (ball python) பாம்புக்கு மூன்று வயது. இதுவரை கண்ணாடித் தொட்டியில்தான் வளர்கிறது. இங்கே குளிர்காலத்தில் வீட்டுச் சூடாக்கி ஓடத் தொடங்கினால் காற்று வறண்டுவிடும். தொட்டிக்கு வலை மூடி என்பதால் ஈரப்பதம் நிற்பதே இல்லை. போன மாதம் சட்டை துண்டு துண்டாக உரிந்தது, ஒரு கண்ணின் மேல் தோல் அப்படியே ஒட்டிக்கொண்டது. மகள் அழுதுவிட்டாள். அதனால்தான் எல்லாப் பக்கமும் மூடிய பிளாஸ்டிக் கூண்டு வாங்க முடிவு செய்தோம். புதியது கட்டுப்படியாகவில்லை. ஒருவரிடம் பழைய கூண்டுகள் இரண்டைச் சேர்த்து 120 டாலருக்கு வாங்கி வந்தேன்.

பெரியது 4 அடி நீளம், கறுப்புப் பலகைகளைத் திருகாணி போட்டுப் பூட்டியது. விளக்கு மாட்டிய இடத்தில் கூரை உருகி, கையளவு ஓட்டை. அதைச் சுற்றிக் கூரையே கீழே வளைந்திருக்கிறது. சின்னது சாம்பல் நிறம், மூட்டே இல்லாமல் ஒரே வார்ப்பு. அடி மூலையில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். உடனடிப் பசை போட்டேன், இரண்டு கலவை எபொக்சி போட்டேன். இரண்டுமே மறுநாள் நகத்தால் தட்டினால் தகடாக உரிந்து வருகின்றன.

இரண்டிலும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கறை. வினிகர் ஊற்றித் தேய்த்ததில் பாதி போனது, மீதி அசையவில்லை. நாளைக்கு அதன் மேலேயே ப்ளீச் ஊற்றலாமென்று இருக்கிறேன். சரியா?

குழாய்க்கார அண்ணை

தங்கச்சி, முதலில் அந்த ப்ளீச்சைக் கீழே வையுங்கள். வினிகர் பட்ட இடத்தில் ப்ளீச் பட்டால் குளோரின் வாயு வரும். கராஜ் கதவை மூடிக்கொண்டு செய்தால் நெஞ்சைப் பிடித்துவிடும். வெறும் தண்ணீரால் இரண்டு மூன்று தடவை அலசி, காய வைத்த பிறகுதான் வேறு எதுவும்.

போகாத அந்த மீதி சுண்ணாம்பு இல்லை, பாம்பின் யூரேட். நம் சிறுநீர் போல் இல்லாமல் அதன் கழிவு யூரிக் அமிலமாக, வெள்ளைக் கட்டியாக வரும். புளித்த பொருளுக்கு அது கரையாது, காரத்துக்குத்தான் இளகும். வினிகரில் போன பாதி, தண்ணீர்ப் பாத்திரத்திலிருந்து சிந்திய கடின நீரின் உப்பு. மற்றதற்குச் சலவைச் சோடா. ஒரு லீட்டர் சுடுதண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி கலந்து, பழைய துவாயை நனைத்து, கறையின் மேல் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். பிறகு பிளாஸ்டிக் தகட்டால் வழித்தால் வந்துவிடும். இரும்புச் சுரண்டியோ கம்பி நாரோ வேண்டாம். அவை போடும் கீறலில்தான் அடுத்த தடவை அழுக்கும் கிருமியும் குடியேறும். கையுறை போடுங்கள், சோடா தோலை அரிக்கும்.

ஒட்டுவதைப் பேசுமுன் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அது என்ன பிளாஸ்டிக்? அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கிறதா?

ஸ்காபரோ மலர்

அண்ணை, மிகவும் நன்றி. நல்ல நேரத்தில் சொன்னீர்கள்.

சின்னதில் 2 என்று பதித்திருக்கிறது. பெரியதில் எதுவும் இல்லை. இரண்டிலிருந்தும் சின்னச் சீவல் எடுத்துத் தண்ணீரில் போட்டேன், இரண்டும் மிதந்தன. மிதந்தால் பாலிஎதிலீன் என்று எங்கோ வாசித்தேன். அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே?

குழாய்க்கார அண்ணை

இந்த மிதக்கும் சோதனையில் நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள். கெட்டியான பிவிசி தண்ணீரில் மூழ்கும், உண்மைதான். ஆனால் கூண்டு செய்யும் பிவிசி பெரும்பாலும் நுரைப் பலகை, உள்ளே நுண்ணிய காற்றுக் குமிழ்கள். அதனால் அதுவும் மிதக்கும். கூர்க் கத்தியால் ஓரத்தைச் சீவிப் பாருங்கள். பொடிப் பொடியான துளைகள் தெரிந்தால் நுரை பிவிசி. மெழுகு போல வழுக்கி, சுருள் சுருளாக வந்தால் பாலிஎதிலீன்.

எண் 2 என்றால் எச்டிபிஇ, அதாவது அடர்த்தி கூடிய பாலிஎதிலீன். அதில் சாதாரணப் பசை எதுவும் நிலைக்காது, உங்கள் எபொக்சியில் குறை இல்லை. அந்தப் பரப்பு எதையும் பற்றிக்கொள்ளாத இனம், சிலிக்கோனும் உரிந்து வரும். வழி இரண்டுதான். விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளை போட்டு, அது மேலும் ஓடாமல் நிறுத்தி, வெளியே ஒரு தகடு வைத்து போல்ட்டும் வாஷரும் போட்டு இறுக்குவது ஒன்று. அதே எச்டிபிஇ கம்பியால் சுடுகாற்றில் உருக்கி ஒட்டுவது மற்றது. பிளாஸ்டிக் வெல்டிங் என்போம். பழகாத கை செய்தால் சுவர் இன்னும் கோணும். பழைய வாளியில் நாலு தடவை பழகிவிட்டுத் தொடுங்கள்.

பெரியதுதான் எனக்குப் பிடித்த வேலை, அதை நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

வடக்குப் பல்லி

நீராவித் துப்புரவுக் கருவி ஒன்று வாங்குங்கள் அக்கா. இரசாயனமே வேண்டாம், பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும். என் எச்டிபிஇ பெட்டிகளுக்கு அதுதான்.

குழாய்க்கார அண்ணை

தம்பி, எச்டிபிஇக்குச் சரி. நுரை பிவிசி 60 டிகிரிக்கு மேலே போனாலே தளரத் தொடங்கும். நீராவியை ஒரே இடத்தில் பிடித்தால், விளக்கு செய்த அதே வேலையை அதுவும் செய்யும்.

கால்நடைத் தாதி

நான் விலங்கு மருத்துவமனையில் உதவியாளராக வேலை செய்கிறேன். ஒட்டுவதும் பூசுவதும் இருக்கட்டும் அக்கா, அந்தக் கூண்டுகளில் முன்பு எது இருந்தது? அது இப்போது எங்கே? விற்றவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இன்னொன்று. முன் கண்ணாடி ஓடும் தடங்களையும் திருகாணித் தலைகளின் ஓரத்தையும் வெள்ளைக் காகிதம் வைத்துத் தட்டிப் பாருங்கள். மிளகுத் தூள் மாதிரி கறுப்புப் புள்ளி விழுந்து நகர்ந்தால் பாம்பு உண்ணி.

ஸ்காபரோ மலர்

கேட்டேன். பெரியதில் கார்ன் ஸ்நேக் இருந்ததாம், நல்ல ஆரோக்கியத்தோடு வேறொருவரிடம் போய்விட்டது. சின்னதில் லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லி. ஒழுங்காகச் சாப்பிட்டும் வால் மெலிந்து மெலிந்து செத்துப்போனதாம், மருத்துவரிடம் காட்டவில்லையாம். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

பெரியதின் ஓரத்தைச் சீவியதில் துளைகள் தெரிந்தன, நுரை பிவிசிதான். அதன் கீழ்த் தடத்தைத் தட்டியதில் மூன்று புள்ளிகள். ஒன்று நடந்தது.

கால்நடைத் தாதி

வால் மெலிந்த கெக்கோ என்றதும் எங்களுக்கு முதலில் தோன்றுவது கிரிப்டோஸ்போரிடியம், குடலைத் தாக்கும் நுண்ணிய ஒட்டுண்ணி. பரிசோதனை செய்யாமல் அதுதான் என்று சொல்ல முடியாது, ஆனால் இல்லை என்றும் சொல்ல முடியாது. பல்லிகளைத் தாக்கும் வகையும் பாம்புகளைத் தாக்கும் வகையும் பெரும்பாலும் வேறு வேறு. இருந்தாலும் அதை நம்பி நான் என் பாம்பை விடமாட்டேன். வீட்டு ப்ளீச்சுக்கு அது சாகாது. 70 டிகிரிக்கு மேற்பட்ட சூடு கொல்லும், முழுதாக உலர்ந்த பரப்பில் நெடுநாள் தாங்காது. உங்கள் சிக்கல் அந்த விரிசல். அதற்குள் ஈரமும் இருக்கும், சூடும் சரியாகப் போய்ச் சேராது. அமோனியா பயன்படுத்துவோரும் உண்டு. ப்ளீச் பட்ட இடத்தில் அமோனியா பட்டால் மறுபடி நச்சு வாயு. வீட்டில் அந்தச் சோதனைக்குப் போகாதீர்கள். சின்னதை விட்டுவிடுங்கள் அக்கா. காசு போனது வருத்தம்தான், ஆனால் எந்த உயிரையும் அதற்குள் வைக்க வேண்டாம். அதற்குப் பயன்படுத்திய துணி, தூரிகை எதையும் பெரியதுக்கு எடுக்கவும் வேண்டாம்.

உண்ணிக்கு வழி இருக்கிறது. பெண் உண்ணி இருட்டான, ஈரமான இடுக்கில் முட்டையிடும். தீனி இல்லாமலே வாரக்கணக்கில் கிடக்கும், அதனால் கூண்டைச் சும்மா பூட்டி வைத்தால் போதாது. எல்லாத் திருகாணிகளையும் கழற்றிப் பலகை பலகையாகப் பிரியுங்கள். தடங்களைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதியது போடுங்கள், விலை அதிகமில்லை. பிறகு சவர்க்காரம் போட்ட 55 டிகிரி சுடுதண்ணீரால் ஒவ்வொரு ஓரத்தையும் கழுவுங்கள். அந்தச் சூட்டை உண்ணி தாங்காது, பிவிசி தாங்கும். பத்து நாள் கழித்து மறுபடி ஒரு தடவை கழுவுங்கள்.

கடைசியாகத்தான் ப்ளீச். வாசனை சேர்க்காதது, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர். பத்து நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். அழுக்கு மிச்சமிருந்தால் ப்ளீச்சின் வலு அழுக்கோடேயே தீர்ந்துவிடும், அதனால்தான் அதைக் கடைசியில் வைக்கிறோம். மணம் அறவே போகும்வரை அலசி, வெயிலிலோ காற்றிலோ காய விடுங்கள். பைன் எண்ணெய், பீனால் சேர்ந்த தரைத் திரவம் எதுவும் பாம்புக்கு ஆகாது.

குழாய்க்கார அண்ணை

பலகைகளைப் பிரித்துவிட்டீர்களா? நல்லதாய்ப் போயிற்று, இனிக் கூரைக்கு வருவோம்.

ஓட்டையைச் சுற்றிக் கருகி மஞ்சளான பகுதி முழுவதையும் சதுரமாக வெட்டி எடுங்கள். கருகிய பிவிசி நொறுங்கும், அதில் பசை நிற்காது. 6 மில்லிமீட்டர் பிவிசி பலகையில், வெட்டிய சதுரத்தைவிட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் பெரிதாக ஒட்டு ஒன்று அறுங்கள். இரண்டு பரப்பையும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, நிறமில்லாத பிவிசி குழாய்ப் பசை பூசி, மேல் பக்கத்திலிருந்து ஒட்டி, ஓரங்களில் குட்டைத் திருகாணி போடுங்கள். இந்தப் பசை பிவிசியைக் கரைத்தே ஒட்டுவது, அதனால்தான் பிடி வலுவாக இருக்கும். அதன் ஆவி கடுமையானது. ஒரு வாரமாவது திறந்த இடத்தில் வையுங்கள். அதற்குப் பிறகும் மூக்குக்குத் தெரிந்தால் இன்னும் வையுங்கள்.

வளைவுக்குப் பலகையைத் தலைகீழாகத் திருப்பி, மேடு மேலே வரும்படி பூட்டுங்கள். ஒட்டு எப்போதும் வெளிப்பக்கம் வர வேண்டும், எனவே திருப்புவதை முதலில் முடிவு செய்யுங்கள். நீளவாக்கில் எல் (L) வடிவ அலுமினியக் கம்பி ஒன்று வைத்தால் இனித் தொங்காது. விளக்கை மட்டும் அங்கே திரும்ப மாட்டாதீர்கள். கூரையில் தட்டையாகப் பொருத்தும் வெப்பத் தகடும், சூட்டை அளவோடு வைக்கும் தெர்மோஸ்டாட்டும் போடுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் விளக்கு எரிந்த கூண்டு எப்படி ஆகும் என்பது இப்போது உங்கள் கையில் இருக்கிறது. விளக்குதான் வேண்டுமென்றால் கம்பி உறை கட்டாயம். பாம்பு அதில் சுற்றிக்கொண்டு வெந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்காபரோ மலர்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள்.

சலவைச் சோடாவில் கறை பசை மாதிரி இளகி வந்தது. இரண்டாம் முறை கழுவிய பிறகு நான்கு நாள் வெள்ளைக் காகிதம் வைத்துப் பார்த்தேன், ஒரு புள்ளியும் விழவில்லை. கூரை ஒட்டை மகளே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். பசை மணம் போக ஒன்பது நாள் ஆனது. பாம்பை விடாமல் மூன்று நாள் வெப்பத் தகட்டை ஓட விட்டோம்: சூடான பக்கம் 32, குளிர்ந்த பக்கம் 26 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை.

சின்னக் கூண்டு போய்விட்டது. மறுசுழற்சிக்கு வைக்கும்போது யாரும் எடுத்துப் பல்லி வளர்க்கக் கூடாதென்று நடுவில் அறுத்துத்தான் வைத்தேன்.

ஒரே ஒரு சந்தேகம். பின் சுவரும் அடிப் பலகையும் சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி தெரிகிறது. சிலிக்கோன் பூசலாமா?

குழாய்க்கார அண்ணை

பிவிசியில் பிடிக்கும், பூசுங்கள். மீன் தொட்டிக்கு விற்கும் சிலிக்கோன் எடுங்கள். குளியலறைக்கு விற்பதில் பூஞ்சைக் கொல்லி கலந்திருக்கும். புளித்த மணம் முழுதாகப் போன பிறகே பாம்பு.

ஸ்காபரோ மலர்

சரி அண்ணை, இன்றைக்கே பூசிவிடுகிறேன். மகள் நாட்காட்டியில் அடுத்த சனிக்கிழமையை வட்டமிட்டு வைத்திருக்கிறாள்.