போர்ட் லூயி – கியூர்பிப் மெட்ரோ: ஒரே நீண்ட பாதையாக இருப்பது நல்லதா, ரோஸ்ஹில்லில் பிரிப்பது நல்லதா?

கேள்வி: வக்வா வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் சில வாரங்களாக ஓயாமல் நடக்கும் விவாதம் ஒன்றை இங்கே கொண்டுவந்து வைக்கிறேன். இங்கே மொரிசியஸில், தலைநகர் போர்ட் லூயியிலிருந்து மேட்டு நிலத்துக் கியூர்பிப் வரை ஏறத்தாழ 26 கிலோமீட்டர் ஓடும் மெட்ரோவில் ஒரே வண்டி முழுத் தூரமும் போய் வருவதுதான் சரியா, அல்லது ரோஸ்ஹில்லில் அதை இரண்டாகப் பிரித்து, மேல்பாதிக்குத் தனி வண்டிகள், கீழ்ப்பாதிக்குத் தனி வண்டிகள் என்று இயக்குவது சரியா என்பதே கேள்வி.

பிரிக்க வேண்டும் என்பது என் அண்ணனின் கட்சி. பாதை நீள நீள ஒரு முனையில் ஏற்படும் தாமதம் மறுமுனை வரைக்கும் பரவும் என்றும், கியூர்பிப் பக்கம் பாதி நிறைந்த வண்டியை ஓட்டுவதற்கு ஆகும் செலவில் ரோஸ்ஹில்லுக்குக் கீழே கூடுதல் வண்டி விடலாம் என்றும் அவர் சொல்கிறார். நானோ ரோஸ்ஹில்லுக்கு மேலே உள்ள வக்வாவில் ஏறிப் போர்ட் லூயியில் இறங்குகிறவள். நடுவில் இறங்கி வண்டி மாற வேண்டும் என்றால் பழையபடி பஸ்ஸுக்கே போய்விடலாம் என்று தோன்றும். ஆனாலும் ரோஸ்ஹில், பொபாசென் நிலையங்களில் ஏறுவோர் எங்களைவிட அதிகம் என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ரோஸ்ஹில்லிலிருந்து எபேன் வழியாக ரெதுயிக்குப் போகும் கிளை 2023இல் திறக்கப்பட்டது. அதைச் சேன் பியேர், கோத் தோர் வரை நீட்டுவது பற்றிய பேச்சும் இருக்கிறது. அப்படி நீண்டால் இந்தக் கேள்வி இன்னும் சிக்கலாகுமா? ரயில் இயக்கம் அறிந்தவர்கள் யாரேனும் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

பதில்: தண்டவாளம்

சகோதரிக்கு வணக்கம். இந்தியாவில் ஒரு நகர மெட்ரோவின் இயக்கப் பிரிவில் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். இப்போது எபேனில் வேறு வேலை.

நீளத்தை மட்டும் வைத்து ஒரு பாதையைக் குறை சொல்ல முடியாது. 26 கிலோமீட்டர் என்பது மெட்ரோ உலகில் நடுத்தரம்தான். சென்னையில் விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை ஓடும் பாதையே 32 கிலோமீட்டருக்கு மேல். ஷாங்காயின் 11ஆம் பாதை 80 கிலோமீட்டரைத் தாண்டும். எத்தனை வண்டி கையில் இருக்கிறது, அவற்றை எந்த இடத்தில் திருப்புகிறோம் என்பவைதான் கணக்கைத் தீர்மானிக்கும்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். போர்ட் லூயியில் புறப்பட்டுக் கியூர்பிப் போய், இரு முனைகளிலும் நிற்கும் நேரத்தையும் சேர்த்துத் திரும்பிவர 100 நிமிடம் ஆகிறது என்று வசதிக்காக வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி விட 10 வண்டிகள் ஓட வேண்டும். அதை ஐந்து நிமிடமாக்க 20 வேண்டும். ஸ்பெயினின் காஃப் நிறுவனத்திடமிருந்து இந்தத் தீவு வாங்கியவையோ மொத்தம் 18. அவற்றில் ஒன்றிரண்டு எப்போதும் பணிமனையில் இருக்கும், ஒன்றை அவசரத்துக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும், கிளைப் பாதைக்கும் வண்டி வேண்டும். ஆகவே முழுப் பாதைக்கும் ஐந்து நிமிட இடைவெளி என்ற பேச்சுக்கே இடமில்லை.

இப்போது இன்னொரு வழி. முழுத் தூரம் ஓடும் வண்டி பத்து நிமிடத்துக்கு ஒன்று. அவற்றின் நடுவே ரோஸ்ஹில் வரை மட்டும் வந்து திரும்பும் வண்டி பத்து நிமிடத்துக்கு ஒன்று. குறுகிய சுற்றுக்கு 50 நிமிடம் என்றால் அதற்கு 5 வண்டி போதும். மொத்தம் 15 வண்டியில், கூட்டம் மிகுந்த கீழ்ப்பகுதிக்கு ஐந்து நிமிட இடைவெளி கிடைத்துவிடுகிறது. உங்களைப் போன்றவர்கள் வண்டி மாறவும் வேண்டியதில்லை. சென்னையில் நெரிசல் நேரத்தில் வண்ணாரப்பேட்டைக்கும் ஆலந்தூருக்கும் இடையே கூடுதல் வண்டிகளை இப்படித்தான் விட்டார்கள். பாதையை அறுக்காமலே உங்கள் அண்ணன் கேட்பதில் பெரும்பகுதி நிறைவேறிவிடும்.

நடுவில் வண்டி திரும்ப, ஒரு தடத்திலிருந்து மறு தடத்துக்கு மாறும் இணைப்பு தேவை. இங்கே பாதை துண்டு துண்டாகத் திறக்கப்பட்டது: 2020 தொடக்கத்தில் பயணிகள் சேவை தொடங்கியபோது ரோஸ்ஹில்தான் கடைசி நிலையம். 2021இல் அது காத்ர் போர்னுக்கு நகர்ந்தது. 2022இல் ஃபீனிக்ஸ், பிறகு கியூர்பிப். கடைசி நிலையமாக இருந்த இடத்தில் வண்டி திரும்பாமல் இருந்திருக்க முடியாதல்லவா? அந்த ஏற்பாடுகளை எடுத்துவிடாமல் பேணி வைப்பதே பாதி வேலை.

திரும்புவதில் நேரத்தை விழுங்குவது தண்டவாளத்தைவிட மனிதர்தான். இந்த வண்டி 45 மீட்டர் நீளம். இரு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. ஓட்டுநர் ஒரு முனையில் அறையைப் பூட்டி, மேடையில் நிற்கும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மறுமுனைக்கு நடந்து, மீண்டும் இயக்கி, பிரேக்கைச் சோதித்துப் புறப்படுவதற்குள் சில நிமிடங்கள் போய்விடும். நெரிசல் மிகுந்த நகரங்களில் அடுத்த ஓட்டுநர் மேடையின் மறுமுனையில் முன்கூட்டியே காத்திருப்பார். வண்டி நின்றதும் அவர் ஏறிக்கொள்வார், இறங்கியவர் அடுத்த வண்டிக்குப் போவார். புதிய வண்டி வாங்குவதைவிட ஓர் ஓட்டுநரைக் கூடுதலாக அமர்த்துவது எவ்வளவோ மலிவு.

பதில்: பொபாசென் பெரியவர்

இந்தப் பாதை ஏன் இப்படி நீண்டு வளைந்து போகிறது என்பதற்கு விடை பழைய ரயிலில் இருக்கிறது. மொரிசியஸில் முதல் ரயில் 1864இல் வட திசைப் பாதையில் ஓடியது. மறு ஆண்டே போர்ட் லூயியிலிருந்து கியூர்பிப் வழியாக மாபூர் செல்லும் மத்தியப் பாதை திறக்கப்பட்டது. பயணிகள் ரயில் 1956இல் நின்றது, சரக்கு ரயில் 1964 வரை ஓடியது. பஸ்ஸின் போட்டியைத் தாங்க முடியாமல் நிறுத்தினார்கள் என்று அப்போது பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். சிறுவனாக அந்த ரயிலில் கியூர்பிப் போயிருக்கிறேன். வெள்ளைச் சட்டையோடு ஏறினால் கரித்தூளோடு இறங்க வேண்டும், அம்மாவிடம் திட்டும் வாங்க வேண்டும்.

ரயில் போனாலும் அதன் நிலம் போகவில்லை. சில இடங்களில் நடைபாதையாயிற்று, சில இடங்களில் வண்டி நிறுத்துமிடமாயிற்று. எங்கள் ஊர்ப் பக்கத்தில் ரோலண்ட் அர்மான் நடைபாதை அப்படி வந்ததுதான். ஊர்கள் அந்த ரயிலைச் சுற்றி வளர்ந்தவை என்பதால், அதே தடத்தில் போகும் மெட்ரோ ஒவ்வோர் ஊரின் நடுவிலும் புகுந்து போகிறது. இன்று புதிதாக நிலம் வாங்கி 26 கிலோமீட்டர் போட முனைந்திருந்தால் இந்தியா தந்த 27.5 கோடி டாலர் மானியம் எந்த மூலைக்குப் போதும்? அப்படியிருந்தும் 2017இல் லா புத், பார்க்லி பகுதிகளில் குடியிருந்தவர்கள் வீடுகளை இழந்தார்கள். நிழல் தந்த மரங்களும் வெட்டப்பட்டன. மெட்ரோவை ஆதரிக்கிறவன்தான் நான், ஆனால் அந்தக் குடும்பங்களைப் பற்றிப் பேசாமல் திட்டத்தைப் புகழ்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அரசியலையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 2014 தேர்தலில் இலகு ரயிலை எதிர்த்துப் பிரசாரம் செய்து வென்றவர்களே பிறகு அதை வேறு பெயரில் கையிலெடுத்து, 2017இல் லார்சன் அண்டு டூப்ரோவுக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள்.

பிரிப்பது பற்றி: வேண்டாம், மகளே. காவடித் திருநாளிலும் தீபாவளிக்கு முன்பும் பையும் பிள்ளையுமாக வருகிறவர்கள் ரோஸ்ஹில்லில் இறங்கி ஏறினால் என்ன ஆகும் என்று உங்கள் அண்ணன் ஒரு நாள் மேடையில் நின்று பார்க்கட்டும்.

பதில்: பழைய கண்டக்டர்

பெரியவர் பஸ்ஸை லேசாக இடித்துவிட்டுப் போயிருக்கிறார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே எல்லோரும் நிலையத்தில் நிற்கும் பயணியிலிருந்து கணக்கைத் தொடங்குகிறீர்கள். ஹென்றியெட்டாவிலோ லா மாரியிலோ இருப்பவருக்கு மெட்ரோ என்பது பஸ்ஸில் தொடங்குகிறது. முன்பு அவர் ஒரே பஸ்ஸில் உட்கார்ந்து நேராகப் போர்ட் லூயி போகலாம் என்றால், இப்போது வக்வா வரை இணைப்பு பஸ், அங்கிருந்து மெட்ரோ. அந்த இணைப்பு பஸ் இருபது நிமிடத்துக்கு ஒன்று வந்தால், மெட்ரோவை ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக விட்டும் அவருக்குப் பயன் என்ன? தண்டவாளம் ஐயாவின் கணக்கில் குறையில்லை. அது ரோஸ்ஹில்காரர்களுக்கான கணக்கு, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். மாணவர்களுக்கும் முதியோருக்கும் பஸ் பயணம் 2005 முதல் இலவசம். அந்த வழக்கத்துக்குப் பழகிய நாட்டில், எந்த ரயிலும் கட்டணத்தை மட்டும் நம்பித் தன் செலவை ஈட்ட முடியாது. பாதையை நீட்டுகிறவர்கள் நீட்டிய பிறகு ஆண்டுதோறும் ஆகும் செலவை யார் ஏற்பது என்று முதலிலேயே சொல்ல வேண்டும். கட்டுவதற்குக் கடனும் மானியமும் கிடைக்கும். ஓட்டுவதற்கு நம் வரிதான்.

சேன் பியேருக்கு வண்டி போவதை நான் எதிர்க்கவில்லை. அந்த ஊர் இருக்கும் மோக்காப் பக்கத்துக் காலை நெரிசலில் பஸ்ஸில் நின்றவனுக்கு அது எவ்வளவு தேவை என்று தெரியும்.

மறுகேள்வி: வக்வா வாசகி

மூவருக்கும் மிக்க நன்றி. கண்டக்டர் ஐயா சொன்னது எங்கள் தெருவிலேயே உண்மை. தண்டவாளம் ஐயாவிடம் இரண்டு சந்தேகங்கள். கிளையை நீட்டினால் அந்த வண்டிகள் ரோஸ்ஹில்லோடு நிற்க வேண்டுமா, போர்ட் லூயி வரை வர வேண்டுமா? அடுத்து, மேட்டு நிலத்தில் எப்போதும் தூறல். ஏற்றமும் ஈரமும் நீண்ட பாதையைப் பாதிக்காதா?

பதில்: தண்டவாளம்

கண்டக்டர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். இணைப்பு பஸ்ஸின் நேர அட்டவணையை மெட்ரோவின் அட்டவணையோடு ஒருவரே உட்கார்ந்து போட வேண்டும். இரு அலுவலகங்களில் தனித்தனியாகப் போட்டால் பஸ் வந்து நிற்கும்போது மெட்ரோ கிளம்பியிருக்கும்.

கிளை வண்டிகள் போர்ட் லூயி வரை வருவதே மேல். அப்படி வந்தால் நான் முன்பு சொன்ன குறுகிய சுற்று வண்டிக்கு வேலையே இல்லை. ரோஸ்ஹில்லுக்குக் கீழே இரு பக்கத்து வண்டிகளும் மாறி மாறி வந்து இடைவெளியைப் பாதியாக்கிவிடும். டெல்லியில் யமுனா பேங்க் நிலையத்தில் நொய்டா வண்டியும் வைஷாலி வண்டியும் இணைந்து நகருக்குள் போவதும் இதே முறைதான். இதற்கு ஒரு விலை உண்டு. இரு வழிகளும் சேரும் இடத்தில் ஒரு வண்டி இரண்டு நிமிடம் தாமதித்து வந்தால், நேரத்துக்கு வந்த மற்றதும் காத்திருக்க வேண்டும். டெல்லியில் தடம் சாலையைத் தரைமட்டத்தில் கடக்காததால் சாலைத் தொல்லை இல்லை. இங்கே வண்டி பல இடங்களில் சாலையைத் தரைமட்டத்திலேயே கடக்கிறது. சேன் பியேர்ப் பக்கத்துச் சந்தி ஒன்றில் குறுக்கே நின்ற ஒரு லாரி, கியூர்பிப் பயணியின் நேரத்தையும் தின்னும். ஆகவே சந்திகளில் சிக்னல் மெட்ரோவுக்கு முன்னுரிமை தருகிறதா என்பதைப் பாதையின் நீளத்தைவிட முக்கியமாகக் கருதுகிறேன்.

ஏற்றம் பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. கியூர்பிப் கடல் மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 26 கிலோமீட்டரில் அந்த உயரம் என்றால், சராசரியாகக் கிலோமீட்டருக்கு 21 மீட்டர் ஏற்றம். எஃகுச் சக்கரமும் எஃகுத் தண்டவாளமும் ஈரத்தில் வழுக்கும்; அதற்காகத்தான் இத்தகைய வண்டிகளில் சக்கரத்தின் அருகே சிறு மணல் பெட்டி இருக்கும். சக்கரம் சுழன்றாலோ பிரேக்கில் சறுக்கினாலோ உலர்ந்த மணலைத் தண்டவாளத்தின் மேல் தூவும். மழை நாளில் தடத்தின் ஓரமாக நரநரவென்று மணல் கிடந்தால் காரணம் இதுதான். இறங்கும் வண்டி பிரேக் போடும்போது அதன் மோட்டார் மின்சாரத்தை உண்டாக்கி 750 வோல்ட் மேல்கம்பிக்கே திருப்பித் தரும். பக்கத்தில் இன்னொரு வண்டி ஏறிக்கொண்டிருந்தால் அது அதை எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் வெப்பமாக வீணாகும். வண்டிகளை அடுத்தடுத்து விடுவதில் இந்த ஆதாயமும் உண்டு. புயல் எச்சரிக்கை உயரும் நாளில் சேவையையே நிறுத்திவிடுவதால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்த விவாதத்தில் யாரும் தொடாத ஒன்று பணிமனை. அது ரிஷ்லியேயில், பாதையின் கீழ்முனைக்கு அருகே இருக்கிறது. காலையில் பயணிகள் புறப்படுவதோ மேட்டிலிருந்து. முதல் வண்டிகள் பயணிகள் இல்லாமல் கியூர்பிப் வரை ஏறிப்போன பிறகுதான் உங்களை ஏற்றிக்கொண்டு இறங்க முடியும். இரவிலும் கடைசி வண்டி கீழே வந்தாக வேண்டும். பாதை நீளும்போது இந்த வெற்று ஓட்டமும் நீளும், ஓட்டுநரின் பணி நேரமும் அதில் கரையும். மேல்முனையில் சில வண்டிகளை இரவு நிறுத்தி வைக்கத் தடமும், காவலும், காலையில் வண்டியைச் சோதிக்க ஒரு சிறு குழுவும் இருந்தால் போதும். முழுப் பணிமனை தேவையில்லை. கோத் தோர் வரை நீட்டும் வரைபடம் வெளிவந்தால், நிலையங்கள் எங்கே என்று பார்ப்பதற்கு முன் அந்த முனையில் இரவு நிறுத்தத் தடம் வரைந்திருக்கிறார்களா என்றுதான் நான் தேடுவேன்.