விற்பனைப் பணியில் மனம் தளராமல் தொடர்வது எப்படி? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நான் நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்கும் பணியில் இருக்கிறேன். சில மாதங்களாக இலக்கை எட்ட முடியவில்லை என்பதைவிட, காலையில் முதல் அழைப்பைச் செய்யவே கை தயங்குகிறது என்பதுதான் எனக்கு அதிகக் கவலையைத் தருகிறது.

நேரடியாக "வேண்டாம்" என்று சொல்லிவிடுகிற வாடிக்கையாளர்களால் பெரிய பாதிப்பில்லை. செயல்விளக்கம் முழுவதையும் ஆர்வத்துடன் பார்த்து, விலைப்புள்ளியையும் கேட்டு வாங்கிக்கொண்டு, "மேலிடத்தில் பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்று கூறியபின் எந்த அழைப்பையும் எடுக்காமல் போகிறவர்கள்தான் மனத்தைச் சோர்வடையச் செய்கிறார்கள். மாத இறுதிக் கூட்டத்திலோ முடிந்த ஒப்பந்தங்கள் மட்டுமே கணக்கில் வருகின்றன. ஊதியத்தில் கணிசமான பகுதி ஊக்கத்தொகையாக இருப்பதால், சோர்வும் பணக்கவலையும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

உளவியல் ஆய்வாளர்களான மார்ட்டின் செலிக்மன், பீட்டர் ஷுல்மன் ஆகியோர் ஆயுள் காப்பீட்டு முகவர்களைப் பற்றி 1986-இல் வெளியிட்ட ஆய்வில், தோல்வியை நிரந்தரமானதாகவும் முழுக்கத் தம் குறையாகவும் கருதாதவர்கள் கூடுதலாக விற்றார்கள், வேலையிலும் நிலைத்தார்கள் என்று படித்தேன். அதை நம்புகிறேன், ஆனால் அந்த மனநிலையை அன்றாடம் பழகுவது எப்படி என்பதில்தான் உங்கள் உதவி தேவைப்படுகிறது.

மௌனமாகிவிடும் வாடிக்கையாளரை நீங்கள் எதுவரை தொடர்வீர்கள், எந்த அறிகுறியைக் கண்டு விட்டுவிடுவீர்கள்? ஒப்பந்தங்களுக்குப் பதிலாக, நம் கையில் இருக்கும் அழைப்புகளையும் சந்திப்புகளையும் அன்றாட இலக்காக வைத்துக்கொண்டது யாருக்கேனும் பயன்பட்டதா? வாடிக்கையாளர் சேவை, பயிற்சி போன்ற பிரிவுகளுக்கு மாறியவர்கள், அந்த முடிவைச் சோர்வில் எடுக்காமல் தெளிவுடன் எடுத்தது எப்படி என்பதையும் எழுதினால் பேருதவியாக இருக்கும்.