ஒரே வருடத்தில் ஐந்து முறை வந்த பூஞ்சை அரிப்பு: நான் பட்டதும் தெரிந்துகொண்டதும்

முல்லை:

கடைவாய்ப் பல் பிடுங்கியபோது ஏழு நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். அது முடிந்த வாரமே பிறப்புறுப்பில் அரிப்பு, எரிச்சல், திரிந்த பால் போலக் கட்டிகட்டியாக வெள்ளை. "உடம்புச் சூடுடி" என்றார் அம்மா. வெந்தயத் தண்ணீர், இளநீர், எண்ணெய்க் குளியல் எல்லாம் நடந்தது. அடங்காமல் போகவே மெடிக்கலில் கேட்டு ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சைக்கான மாத்திரை, 150 மில்லிகிராம், ஒன்று வாங்கிப் போட்டேன். நான்கே நாளில் சரியானது. இரண்டு மாதத்தில் திரும்ப வந்தது.

அந்த வருடம் மட்டும் ஐந்து முறை. ஒருமுறை மூன்று மருந்து சேர்ந்த கிட் கொடுத்தார்கள். இன்னொருமுறை ஒரு ட்யூப். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது எனக்குத் தெரியாது. பூசினால் ஓரிரவில் அரிப்பு அடங்கும், நிறுத்தினால் இரண்டு மடங்காகும். சுத்தம் போதவில்லையோ என்று தினமும் இரண்டு வேளை பிறப்புறுப்புக்கென்று விற்கும் வாஷ் ஊற்றி உள்ளே வரை கழுவினேன். தோல் வெடித்ததுதான் மிச்சம்.

இதையெல்லாம்விட அதிகம் வலித்தது, என் கணவர் தயங்கித் தயங்கி "இது எப்படி வந்தது?" என்று கேட்டதுதான். அன்று இரவு நான் தூங்கவே இல்லை. கேண்டிடா என்கிற இந்தப் பூஞ்சை பல பெண்களின் உடம்பில் எந்தத் தொந்தரவும் தராமல் சும்மா இருப்பதுதான். ஆன்டிபயாடிக் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்றுவிட்டால் அது பெருகிவிடுகிறது. இதைப் பால்வினை நோயாகக் கருதுவதில்லை. கணவருக்கு அரிப்போ சிவப்போ இல்லையென்றால் அவருக்கு மருந்தும் பொதுவாகத் தேவையில்லை. லேடி டாக்டர் அவரையும் உட்காரவைத்து இதைச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

என்னை முதன்முதலில் பரிசோதித்துப் பார்த்தவரும் அவர்தான். வருடத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தால் ஒற்றை மாத்திரை போதாது என்றார். பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்து, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார், சர்க்கரையும் பார்க்கச் சொன்னார். சர்க்கரை இல்லை, அந்தப் பூஞ்சையின் வழக்கமான வகையான கேண்டிடா அல்பிகன்ஸ்தான் என்று வந்தது. முதல் நாள், நான்காம் நாள், ஏழாம் நாள் அதே ஃப்ளூகோனசோல் ஒவ்வொரு மாத்திரை. அப்புறம் வாரம் ஒன்று, ஆறு மாதம். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டுக்கொண்டார், அந்த ஆறு மாதமும் கர்ப்பம் தரிக்கக் கூடாது என்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைதோறும் நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்தேன்.

நிறுத்திய பிறகு பலருக்குத் திரும்ப வரும் என்று முன்பே சொல்லியிருந்தார். எனக்கும் எட்டாவது மாதம் ஒருமுறை வந்தது, உடனே போனேன், அதோடு நின்றது. இப்போது வெளிப்பக்கம் மட்டும் வெறும் தண்ணீர், பருத்தி உள்ளாடை, ஈரத்துணியோடு இருப்பதில்லை. யார் ஆன்டிபயாடிக் எழுதினாலும் இந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் பெரிய வேலை செய்தது அந்த ஆறு மாத மருந்துதான்.

வைகை:

அக்கா, எனக்கு வந்தது பூஞ்சையே இல்லை. சாம்பல் நிறத்தில் தண்ணீராகப் போகும், மீன் வாடை அடிக்கும், அரிப்பு குறைவு. நானாகவே ஈஸ்ட், அதாவது இந்தப் பூஞ்சைதான் என்று முடிவுகட்டி மாதக்கணக்கில் க்ரீம் வைத்தேன். பரிசோதித்ததில் பாக்டீரியல் வஜினோசிஸ், அதாவது அங்கே பாக்டீரியா பெருகுவதால் வருவது. மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் ஏழு நாள் சாப்பிட்டதும் போய்விட்டது.

செண்பகம்:

என் பெரியம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. டாபாகிளிஃப்ளோசின் தொடங்கிய இரண்டாவது மாதம் இதே அரிப்பு. சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிற மாத்திரை அது, அந்தச் சர்க்கரையில் பூஞ்சை வளர்கிறதாம். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தார். டாக்டரிடம் சொன்னதும் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். என் தங்கைக்கு ஏழாம் மாதக் கர்ப்பத்தில் வந்தபோது வாய்வழி மாத்திரை தரவில்லை, இரவில் உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்தை ஏழு நாள் கொடுத்தார்கள்.

தாமரை:

கல்ச்சர் எடுக்கும்போது வலிக்குமா அக்கா? பயமாக இருக்கிறது.

முல்லை:

இல்லைம்மா, ஒரு நிமிடம்கூட ஆகாது. கொஞ்சம் கூச்சமாக இருக்கும், அவ்வளவுதான். போவதற்கு முந்தைய நாட்களில் க்ரீம் எதுவும் வைக்காதே, வைத்தால் முடிவு சரியாக வராமல் போகலாம். இதுவரை போட்ட மாத்திரைகளின் அட்டை, ட்யூப் எல்லாவற்றையும் ஒரு கவரில் எடுத்துக்கொண்டு போ.