மகளின் ஸ்ட்ரீக் அறுந்துவிட்டது, இரண்டு நாளாக அழுகிறாள்

கேள்வி: காவேரிப்பட்டணம் அப்பா

மகள் பத்தாவது முடித்திருக்கிறாள். மே மாதம், தோப்பில் மாங்காய் இறக்கும் வேலை தலைக்கு மேல் கிடந்ததால், அஞ்செட்டிப் பக்கம் மலையில் இருக்கும் என் மாமியார் வீட்டில் அவளை விட்டுவந்தேன். அந்த வீட்டில் சிக்னல் கிடையாது. சாயந்திரமானால் பாறை மேல் ஏறி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாளாம். மூன்றாம் நாள் அங்கிருந்தே கூப்பிட்டு, "அப்பா, ஸ்ட்ரீக் போயிடுச்சு" என்று அழுதாள். ஸ்னாப்சாட் என்ற ஆப்பில் இரண்டு பேர் ஒரு நாளும் விடாமல் மாறி மாறிப் படம் அனுப்பிய நாள் கணக்காம் அது, 212 நாளாம். "சரி, நாளைக்கு மறுபடி ஆரம்பிச்சுக்கோ" என்றேன். அதிலிருந்து என்னோடு பேச்சு இல்லை.

வீட்டுக்கு வந்தபின் அவள் அனுப்புவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஓடாத மின்விசிறியின் படம், அவ்வளவுதான். ஒரு வார்த்தை இல்லை. இதற்கா இத்தனை அழுகை? போனை வாங்கி வைத்துவிடலாமா?

பதில்: பாலக்கோடு, பிளஸ் டூ மாணவி

வாங்காதீங்க அங்கிள். ஸ்னாப்சாட்டில் இரண்டு பேரும் 24 மணி நேரத்துக்குள் ஒரு படமோ வீடியோவோ அனுப்பணும். எழுதிப் பேசினால் கணக்கில் வராது. நேரம் முடியப் போகும்போது பெயருக்குப் பக்கத்தில் ஒரு மணல் கடிகாரம் வரும். அதைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும்.

முன்னே நானும் என் தோழியும் ஸ்கூல் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமலே வீடு வரை வருவோம். இப்போ அவள் வேறு ஊர். அந்த மின்விசிறி படம் அதேதான். எழுதிப் பேசுவது இதைவிடக் கஷ்டம். நீல டிக் விழுந்து பதில் வரவில்லை என்றால், எதைத் தப்பாக எழுதினோம் என்று ராத்திரி முழுக்க நான் எழுதினதையே திருப்பித் திருப்பிப் படிப்பேன்.

யாரோடு போன ஸ்ட்ரீக் என்று கேட்டீங்களா?

பதில்: அரூர் ஆசிரியை

இந்தப் பெண் சொல்வது சரி. ஆனால் ஒன்று கேட்டுவிடுங்கள். ஊருக்குப் போகும்போது ஸ்ட்ரீக் அறுந்துவிடக் கூடாதென்று பிள்ளைகள் பாஸ்வேர்டையே இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். என் வகுப்பிலேயே நடந்தது, அந்தப் பையன் பெயரில் யாரோ கண்டதையும் அனுப்பிவிட்டார்கள். உங்கள் மகள் கொடுத்திருந்தால், திட்டாமல் உடனே மாற்ற வையுங்கள். யாராவது படத்தை வைத்து மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கோ குழந்தைகள் உதவி எண் 1098க்கோ கூப்பிடலாம் என்பதையும் இப்போதே சொல்லி வையுங்கள். பயந்துபோன பிள்ளை நம்மிடம்தான் கடைசியில் வரும்.

காவேரிப்பட்டணம் அப்பா

கேட்டேன். பாஸ்வேர்டு யாரிடமும் கொடுக்கவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடவே படித்த பிள்ளை, காலாண்டு லீவில் குடும்பத்தோடு ஓசூர் போய்விட்டது. இவள் எண்ணிக்கொண்டிருந்தது அன்றிலிருந்துதான். எங்கள் தோப்பில் சேர்ந்து ஊஞ்சல் கட்டி ஆடிய பிள்ளை, ஊரை விட்டுப் போனதே எனக்குத் தெரியாது. மகளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓசூருக்கு லோடு போகிறது, அவளும் வருகிறாள். காலையிலேயே தோப்புக்கு வந்து, ஒரு கூடை செந்தூரா பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வைத்துவிட்டாள்.