சம்பந்தியின் கேம்பிங் காரில் ஆறு நாள் தங்குவது சரிவருமா?

முத்தியால்பேட்டைவாசி:

நானும் என் மனைவியும் புதுச்சேரியில் வசிக்கிறோம். எனக்கு 66 வயது, அவளுக்கு 62. மகளைப் பிரான்சில் கொடுத்திருக்கிறோம். சம்பந்தி பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நம் ஊர் வழக்கில் சொன்னால் சொல்தா. அவர் சொந்தமாகக் கேம்பிங் கார் வைத்திருக்கிறார், அதாவது படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே அமைந்த வண்டி. வரும் மே மாதம் லுவார் ஆற்றங்கரையில் ஓர் ஊரில் முந்நூறு வண்டிகளுக்கு மேல் கூடும் ஆறு நாள் ஒன்றுகூடலுக்கு எங்களையும் அழைக்கிறார். வண்டியில் நான்கு பேர் தாராளமாகப் படுக்கலாம் என்கிறார்.

எனக்கு ஆசைதான். ஆனால், "சம்பந்தியம்மா தலைமாட்டில் படுத்திருக்க, நடுராத்திரியில் எழுந்து அந்தத் தட்டிக் கதவைத் திறக்க என்னால் முடியாது" என்கிறாள் மனைவி. இதற்கு என்னிடம் பதில் இல்லை. தனியாக ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்து நானே ஓட்டி வந்தால் அவர் மனமும் கோணாது என்று நினைக்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரைக்கால் வரை நான் கார் ஓட்டிப் போவது வழக்கம். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

கெடிலக்கரை (கடலூர்):

ஐயா, உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. அவர் சொல்லாத காரணம் இன்னொன்றும் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் என் கணவரும் மகனுடைய வண்டியில் இப்படி ஒரு கூடலுக்குப் போய் நான்கு இரவுகள் தங்கினோம். அந்த வண்டிகளின் கழிவறைக்குக் கீழே கேசட் என்று ஒரு பெட்டி இருக்கும். இருபது லிட்டர் அளவுதான் கொள்ளும். தாளைப் பயன்படுத்துகிற இருவருக்கு அது இரண்டு மூன்று நாள் தாங்கும். தண்ணீர் விட்டுக் கழுவுகிற நாம் நான்கு பேர் என்றால் ஒரே நாளில் நிரம்பிச் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கிவிடும். பிறகு அதைப் பக்கவாட்டுக் கதவு வழியாக உருவி, விமான நிலையத்தில் பெட்டியை இழுப்பது போல இழுத்துக்கொண்டு, கொட்டும் இடத்து வரிசையில் யாராவது நிற்க வேண்டும். எங்களுக்காக மகன் நின்றான். உங்களுக்காகச் சம்பந்தி நிற்பார். அதை நினைத்துப் பாருங்கள்.

குளிப்பதும் அப்படித்தான். பெரும்பாலான வண்டிகளில் நல்ல தண்ணீர் நூறு லிட்டர் அளவில்தான் இருக்கும், சமையலும் பாத்திரம் கழுவுவதும் அதற்குள் அடக்கம்.

இதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். பிரான்சின் முகாம் திடல்கள் பலவற்றில் மொபில் ஓம் என்னும் சிறு வீடுகள் வாடகைக்குக் கிடைக்கும். குளியலறை, சமையலறை எல்லாம் இருக்கும். அருகில் அப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு, பகல் முழுவதும் சம்பந்தியோடு இருந்துவிட்டு இரவில் படுக்க மட்டும் திரும்புங்கள். மே மாதத்தில் ஒன்பது மணிக்கு மேல்தான் பொழுது சாய்கிறது. மாலையில் எல்லோரும் மேசை நாற்காலிகளை வெளியே போட்டுவிடுவார்கள், யார் வேண்டுமானாலும் யாரிடம் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். கூடலின் சுவையே அந்த நேரம்தான். இரவில் குளிரும், சுவெட்டர் அவசியம்.

செஞ்சி சாலை:

தனி வண்டி எண்ணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இங்கே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஓராண்டு செல்லும். ஆனால் நம் இலகுரக உரிமம் 7,500 கிலோ வரை இடம் கொடுக்கிறதே என்று அங்கே பெரிய வண்டியில் ஏறிவிட முடியாது. அந்த அனுமதியின் பி பிரிவு 3,500 கிலோவோடு நின்றுவிடுகிறது. அந்த வரம்புக்குள் அடங்கும் வண்டிகளிலும் பல ஆறு ஏழு மீட்டர் நீளம், கிட்டத்தட்ட மூன்று மீட்டர் உயரம். சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், கியரை வலக்கையால் மாற்ற வேண்டும், திரும்பும்போது பின்பக்கம் எங்கே வீசுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். காரைக்கால் வரை காரில் போன பழக்கம் இதற்கு உதவாது. என் கருத்தும் மொபில் ஓம்தான்.

சுண்ணாம்பாறு:

மின்சாரம் பற்றி ஒரு சொல். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் நம் மிக்ஸி ஓடும். பிளக் மட்டும் பொருந்தாது, அடாப்டர் கொண்டு போங்கள். ஆனால் முகாம் திடல்களில் வண்டிக்குத் தரும் இணைப்பு சில இடங்களில் 6 ஆம்பியர்தான், அதாவது 1,380 வாட். 750 வாட் மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருக்கும்போது யாராவது மின்கெட்டிலைப் போட்டால் டிரிப் ஆகிவிடும். சம்பந்தி வண்டியில் சமைக்கும் எண்ணம் இருந்தால், இண்டக்ஷனை விட்டுவிட்டு அவருடைய எரிவாயு அடுப்பையே பயன்படுத்துங்கள்.

முத்தியால்பேட்டைவாசி:

அனைவருக்கும் நன்றி. நேற்று மனைவியின் முழங்கால் வலியைக் காரணமாகச் சொல்லிச் சம்பந்தியிடம் பேசினேன். பொய்யும் இல்லை, வண்டியின் படி உயரம்தான். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, திடலிலிருந்து அரைக் கிலோமீட்டரில் மொபில் ஓம் இருக்கிறதா என்று தானே விசாரிப்பதாகச் சொன்னார். கூடலில் எல்லோருக்கும் கொடுக்க நெய் முறுக்கும் பால்கோவாவும் கொண்டு போக மனைவி ஆசைப்படுகிறாள். அனுமதி உண்டா?

கெடிலக்கரை:

பால்கோவா வேண்டாம் ஐயா. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பால் பொருள்களையும் இறைச்சியையும் பெட்டியில் கொண்டு வருவதை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்திருக்கிறது. விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். முறுக்கை எண்ணெயில் சுடச் சொல்லுங்கள்; பிசையும் மாவிலும் வெண்ணெய் சேர்க்க வேண்டாம்.